வளவைப் பங்கு போடும் கணக்கும் வலையமைப்புப் பரீட்சையும்

பெரியநீலாவணையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி வலையமைப்புப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அஸருக்குப் பிறகு தொடங்கினால் மஃரிபு வரை போகும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மருதமுனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வாப்பா கைத்தறி நெய்பவர். தம்பியின் கையில் தடித்த கடதாசிக் கட்டு ஒன்று இருந்தது.

"சேர், இதுல உள்ள கேள்வி எல்லாம் எனக்குப் பாடம். ஆனா சோதினை பெயில். நான் எங்க பிழை விட்ட?"

அவர் எழுதியது சீ.சீ.என்.ஏ. எனப்படும் சிஸ்கோ நிறுவனத்தின் பரீட்சை. வலையமைப்புத் துறைக்குள் நுழைய நினைப்பவர்கள் உலகெங்கும் எழுதுவது. கட்டணம் 300 அமெரிக்க டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. ரூபாவை மிதக்க விட்ட பின் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. 60,000 ரூபாவுக்கு எழுதியிருக்க வேண்டிய பரீட்சை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. உம்மாவின் காப்பை அடகு வைத்துத்தான் கட்டினார்களாம்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "256 முகவரியை நாலு பங்காப் பிரிங்க பாப்பம்."

"255.255.255.192" என்றார், கண் இமைக்காமல்.

"ஏன் 192?"

"அப்பிடித்தான் சேர் இதுல போட்டிரிக்கு."

பிழை அங்கேதான். பரீட்சையில் எண்கள் மாறி வரும். காரணம் தெரியாதவனுக்கு எண் மாறினால் விடையும் போய்விடும். அந்தக் கட்டை அவருக்கு விற்றவர்கள் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி அந்த 192 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு வளவு கொடுப்பது வழக்கம். 40 பேர்ச் வளவுள்ள ஒரு வாப்பாவுக்கு நாலு மகள்மார் என்றால் ஆளுக்குப் பத்துப் பேர்ச் என்று கணக்கில் வரும். ஆனால் அளந்து கல் நட்டதும், வழிக்கும் எல்லைக்குமாக ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் குறையும். வலையமைப்பிலும் இதே கதைதான்.

ஐ.பி. முகவரி என்பது புள்ளியிட்டுப் பிரித்த நாலு எண்கள்; உதாரணமாக 192.168.10.5. கணினிக்குள் ஒவ்வோர் எண்ணும் எட்டுத் துவித இலக்கம், அதாவது 0 அல்லது 1 கொண்ட எட்டு இடங்கள். எட்டு இடத்தில் 256 விதமாக எழுதலாம். ஆகவே கடைசி எண் 0 முதல் 255 வரை போகும். இது எங்கள் முழு வளவு.

நாலு பங்கு வேண்டுமென்றால், அந்த எட்டு இடங்களில் முதல் இரண்டைப் பங்கின் இலக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு இடத்தில் 00, 01, 10, 11 என்று நாலு விதம் எழுதலாம். எட்டு இடங்களின் பெறுமதி 128, 64, 32, 16, 8, 4, 2, 1. முதல் இரண்டையும் கூட்டுங்கள்: 128உம் 64உம் 192. வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

மீதி ஆறு இடத்தில் 64 முகவரி. ஆகவே பங்குகள் 0–63, 64–127, 128–191, 192–255. இரண்டாம் பங்கை எடுப்போம். அதில் முதல் முகவரியான 64 அந்தப் பங்கின் பெயர். கடைசியான 127 அந்தப் பங்கிலுள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் முகவரி. இவ்விரண்டையும் எந்தக் கணினிக்கும் கொடுக்க முடியாது. மிச்சம் 62. முழு வளவாக இருந்தபோது 254 கணினிக்கு இடமிருந்தது, நாலாக்கியதும் 248.

"ஆறு நட்டம்தானே சேர், மறுகா என்னத்துக்குப் பிரிக்கிற?" என்று தம்பி கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அது. ஒரு பாடசாலையில் அலுவலகம், கணினிக்கூடம், நூலகம், விருந்தினர் வைஃபை எல்லாம் ஒரே வளவில் இருந்தால், ஒரு கணினி போடும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். பிள்ளைகளின் கணினியிலிருந்து அதிபரின் கோப்புக்குப் போகும் வழியும் இலேசாகும். பிரித்துவிட்டால் ஒரு பங்கிலிருந்து இன்னொன்றுக்கு ரவுட்டர் என்ற படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே காவல் வைக்கலாம்.

பிள்ளைகள் தடுமாறும் இன்னோர் இடம் மெக் முகவரி. ஐ.பி. முகவரி இருக்கும்போது அது எதற்கு? இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கரையோரத்திலிருந்தவர்கள் முகாமுக்கும், பிறகு புதிய வீட்டுத் திட்டங்களுக்கும் போனார்கள். எல்லோரின் விலாசமும் மாறியது. அடையாள அட்டை இலக்கம் மாறவில்லை. மெக் முகவரி அந்த அடையாள இலக்கத்தைப் போல உற்பத்தியிலேயே கருவிக்குக் கொடுக்கப்படுவது, ஐ.பி. முகவரி அது இப்போது இருக்கும் விலாசம். ஒரே வளவுக்குள் ஆளை அடையாளத்தால் தேடலாம். வேறு ஊருக்குக் கடிதம் போக விலாசம் வேண்டும். வளவுக்குள் வேலை பார்ப்பது சுவிச், அதாவது ஆளி. வளவு தாண்டி வழிகாட்டுவது ரவுட்டர்.

இந்தப் பயிற்சி தொடங்கிய கதையும் எமக்குப் பொருந்தும். 1990களில் அமெரிக்கப் பாடசாலைகள் வலையமைப்புக் கருவிகளை வாங்கின, பராமரிக்க ஆளில்லை. சிஸ்கோவின் பொறியியலாளர் ஜோர்ஜ் வார்ட் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்த வேலையைப் பழக்கத் தொடங்கினார். அதிலிருந்து 1997இல் சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமி உருவானது, மறுவருடம் சீ.சீ.என்.ஏ. சான்றிதழ் வந்தது. கடலுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கும் நன்கொடைக் கணினிகள் வந்தன. சில இடங்களில் அவை துணி மூடிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். கருவி வந்தது, கை பழகவில்லை.

இப்போதுள்ள பரீட்சை 2020 பெப்ரவரியில் வந்தது. நேரம் 120 நிமிடம். விடையளித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் திரும்பி வர முடியாது. அதிக புள்ளி, அதாவது 25 வீதம், ஐ.பி. வழித்தொடர்புக்கு, அடிப்படைக்கும் இணைப்புக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15. சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் முடியாது.

மொழிதான் எங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது. பயந்து மனனம் செய்கிறார்கள். ஆனால் எங்கள் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் துவித எண்முறையும், ஐ.பி. முகவரியும், உபவலையாகப் பிரிப்பதும் தமிழிலேயே இருக்கின்றன. விளக்கம் தாய்மொழியில் வரட்டும். ஆங்கிலச் சொல் பிறகு அதன்மேல் வந்து உட்காரும். விளங்காத விசயத்துக்கு ஆங்கிலச் சொல்லை மட்டும் பாடமாக்கினால் நிற்பதற்கு இடமில்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் அந்த உயர்தரப் பாட அலகை நன்றாகப் படிக்கட்டும். அடுத்து பக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருளில் பழகட்டும். அகடமியில் பதிந்தால் அது இலவசம். ரவுட்டர் வாங்காமலே ரவுட்டரில் வேலை பழகலாம். பிறகு அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ. நான்காம் மட்டக் கற்கைநெறியைப் பாருங்கள். 2023இல் சிஸ்கோ அறிமுகப்படுத்திய சீ.சீ.எஸ்.டி. என்ற சிறிய சான்றிதழும் இருக்கிறது. 300 டொலர் கடைசிப் படி. எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டாலும் "ஏன்" என்பதற்குப் பிள்ளை பதில் சொல்லும் நாளில் கட்டுங்கள். டோஹாவிலோ கொழும்பிலோ நேர்முகத்தில் கேட்கப்போவதும் அதைத்தான். சான்றிதழ் கதவு வரைக்கும்தான் கூட்டிப் போகும்.

அந்தத் தம்பி பத்து மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்தார். இரண்டாம் முறை பாஸ். இப்போது கொழும்பில் வேலை. காப்பை மீட்டுவிட்டதாகப் போன நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது சொன்னார். கடதாசிக் கட்டு என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளை என்பதால் பிள்ளைகள் அதில் துவிதக் கணக்குப் போடுகிறார்கள்.