புழு கடித்ததும் பயிர் என்ன செய்கிறது?

சோளத்தில் புழு கண்டால் உடனே மருந்து விசிற வேண்டும் என்பதுதான் விவசாயிகளிடம் நான் அதிகம் கேட்கும் பேச்சு. 2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சேனா படைப்புழு இலங்கைக்குள் நுழைந்து, அம்பாறை, அநுராதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் சோளச் செய்கையைத் தாக்கியதை நினைத்தால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், மருந்து விசிறும் முன் பயிர் தானாக என்ன செய்கிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

தாவரத்துக்கு நரம்பும் இல்லை, ஓடித் தப்பக் காலும் இல்லை. ஆபத்தை அது பெரும்பாலும் ஓமோன்கள் மூலமே தன் உடலெங்கும் அறிவிக்கிறது. மண் வரண்டால் அப்சிசிக் அமிலம் கூடி, இலைவாய்களை மூடி நீரிழப்பைக் குறைக்கிறது. உயிருள்ள கலங்களில் தங்கி வாழும் நோய்க்கிருமிகளுக்கு எதிராகச் சலிசிலிக் அமிலம் வேலை செய்கிறது. இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களுக்கு எதிரான ஓமோன் ஜஸ்மோனிக் அமிலம். அது பெருகும்போது, புழுவின் சமிபாட்டைக் குழப்பும் புரதங்களைத் தாவரம் உருவாக்குகிறது.

சோளம் இன்னொன்றையும் செய்கிறது. புழுவின் வாய்த்திரவம் காயத்தில் பட்டதும் இலையிலிருந்து ஒருவித மணம் வெளிவருகிறது. அதனை நாடி வரும் ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவின் உடலுக்குள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே தின்கின்றன. இந்த மணத்தைத் தூண்டும் வொலிசிட்டின் என்ற பதார்த்தத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் 1997 இல் ஒரு படைப்புழு இனத்தின் வாய்த்திரவத்தில் இனங்கண்டனர்.

இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. ஜஸ்மோனிக் அமிலம் கூடும்போது வளர்ச்சி மந்தமாகிறது. பல தாவரங்களில் சலிசிலிக் அமிலமும் ஜஸ்மோனிக் அமிலமும் ஒன்றையொன்று தணிப்பதால், நோயோடு போராடும் பயிர் புழுவுக்கு எளிதில் இரையாகலாம். எனவே பயிர் தன்னைத்தானே முழுமையாகக் காத்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ட பூச்சியையெல்லாம் கொல்லும் மருந்தை முந்திக்கொண்டு விசிறினால், பயிர் அழைத்த குளவிகளும் சேர்ந்து சாகும். பிறகு மருந்துக்குத் தப்பிய புழுக்களுக்கு எதிரி இருக்காது. அடுத்த போத்தலுக்கும் விவசாயியே காசு கொடுக்க வேண்டும். முதலில் குருத்தை விரித்துப் பாருங்கள், முட்டைக் குவியல்களைக் கையால் நசுக்குங்கள். தாக்கம் கூடினால், எந்த மருந்தை எப்போது விசிறுவது என்று உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.