நெற்குப்பையும் நகர்க்குப்பையும்

குப்பை என்னுஞ் சொல் தொடக்கத்தில் இழிபொருள் உடையதன்று. குவிந்து கிடப்பது எதுவோ அதுவே குப்பை. களத்திலே குவித்த நெல்லும் குப்பையே; செட்டிநாட்டில் நெற்குப்பை என்றோர் ஊர் இன்றும் அப்பெயரோடு விளங்குகின்றது. அச்சொல் கழிபொருளுக்கே உரியதாய்ச் சுருங்கியது பிற்கால வழக்கு. கொழும்பு மாநகரமோ இரு பொருளையும் ஒருங்கே மெய்ப்பித்தது; கழித்ததையெல்லாம் மலையாகக் குவித்தது.

கொட்டாஞ்சேனை வாசிகள் இதனை நன்கறிவர். புளூமெண்டால் வீதியருகே எழுந்த மேட்டின் நாற்றத்தை அவர்கள் நெடுங்காலம் சகித்தனர். 2009 ஆம் ஆண்டளவில் அங்கே கொட்டுவது நின்றது. வண்டிகள் கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லைக்குத் திரும்பின. இடம் மாறிற்றேயன்றி முறை மாறவில்லை. தாழ்ந்த சதுப்பு நிலத்தில், ஏழையர் குடியிருப்பின் தலைமாட்டிலே, குப்பை உயர்ந்துகொண்டே போயிற்று. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். அன்று அம்மேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. 32 உயிர்கள் மாண்டன. அதனை இயற்கை அனர்த்தம் என்று கூற என் நா எழவில்லை.

அதன் பின்னரே, புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டில் முறைப்படி ஒரு குப்பைக் குழி அமைக்கும் பழைய திட்டம் விரைவு பெற்றது. முறைப்படி என்பது யாது? குழியின் அடியில் களிமண்ணை இறுக்கி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்புவர். அழுகலிலிருந்து வடியும் கசிநீர் நிலத்தடி நீரிற் கலவாமல் குழாய்வழி சென்று சுத்திகரிக்கப்படும். உள்ளே பிறக்கும் மீதேன் வாயு வெளியேறப் போக்கிகள் வேண்டும். அன்றன்று கொட்டியதை அன்றன்றே மண்ணிட்டு மூடவும் வேண்டும். இவ்வளவும் செய்தாலன்றி அது குழியிற் கிடக்கும் இன்னொரு மேடேயாம்.

அறுவக்காடு சுண்ணாம்புக்கல் அகழ்ந்த நிலம். வில்பத்துக் காட்டுக்கு அணித்து. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் புகையிரதத்திற் குப்பையைக் கொண்டுசெல்வது திட்டம். புத்தளத்து மக்கள் கொதித்தெழுந்து 2018 இல் பல நாட்கள் தொடர்ந்து போராடினர். சீமெந்துத் தொழிற்சாலையையும் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தையும் முன்னரே சுமந்திருப்பவர்கள் அவர்கள். தலைநகரின் எச்சிலை அவர்கள் முற்றத்தில் இடுமுன் அவர்தம் இசைவைப் பெறவேண்டாமா? பொறியியலார் வரைபடத்தில் விரிப்புக்கும் குழாய்க்கும் இடமிருந்தது; இந்த வினாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 2019 ஓகஸ்டில் குப்பை போய்ச் சேர்ந்தது. அக்டோபரிலேயே அங்கு ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது.

கொழும்பின் குப்பையிற் பாதிக்கு மேல் ஈரக்கழிவு: சோறு, காய்கறித்தோல், வாழையிலை. மண்ணுக்கு எருவாகற்குரிய அதனை, நீரின் பாரத்தோடு சேர்த்து மாவட்டங் கடந்து சுமப்பது என்ன கணக்கோ! 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் நிலையம் தொடங்கியது; அதன் உலைக்கும் ஈரம் பகையே.

மீதொட்டமுல்லைக்குப் பின் ஈரக்கழிவைத் தனியே பிரித்து வைக்கும்படி மாநகரசபை கட்டளையிட்டது. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே கட்டளைக்கு முதற்சில மாதம் இருந்த மதிப்பு வேறு, பின்னர் இருந்த மதிப்பு வேறு. ஒரே பையில் மீன்செதிலும் பழைய வினாத்தாளும் கூடிக் கிடப்பதை எம் மாணவர் வீட்டு வாயிலிலேயே காணலாம்.