செல்வமகள் கணக்கை மாற்றும்போது வரிக் கணக்கு



என்.எல்.சி. பணியிலிருந்து ஓய்வுபெற்றோ மாற்றலாகியோ, நெய்வேலி வீட்டைக் காலிசெய்து பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என்று குடிபெயர்வோர் உள்ளனர். மகளின் படிப்புக்கென இங்கே அஞ்சலகத்தில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்கை அவர்கள் ஊரிலுள்ள வங்கிக்கு மாற்றுவதுண்டு. 2015இல் வந்த இத்திட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு கணக்கே உண்டு. ஆகவே வங்கியில் இன்னொன்று தொடங்கலாகாது. மாற்று விண்ணப்பம் அளித்தால் இருப்பு அப்படியே போய்ச்சேரும்.

இது பணம் எடுத்ததாகாது, எனவே வரியில்லை. புதிதாகச் செலுத்தியதும் ஆகாது. தடுமாற்றம் இங்கேதான். மாறிய இருப்பு 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாண்டில் அஞ்சலகத்தில் 60,000, பிறகு வங்கியில் 40,000 ரூபாய் செலுத்தியிருந்தால், பழைய வரிமுறையில் கழிவு கோரத்தக்கது 1 லட்சம் மட்டுமே. மாறிவந்த தொகையைக் காட்டி உச்சவரம்பான 1,50,000 வரை கோருபவர் தம் கையொப்பத்தால் பொய்யுரைக்கிறார். புதிய வரிமுறையிலோ இக்கழிவே கிடையாது.

வட்டிக்கு வரிவிலக்கு உண்டு. படிவத்தில் விலக்குபெற்ற வருமானமாக அதைக் குறிப்பது முறை. அரசு விலக்களித்ததால் வட்டி ஹலால் ஆகிவிடாது என்பது வேறு செய்தி.

புதிய பாஸ்புக்கில் அசலும் வட்டியும் ஒரே தொகையாக ஏறக்கூடும். பழையதை ஒப்படைக்குமுன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வையுங்கள். வரி அலுவலகம் விளக்கம் கேட்டாலும், மகள் பத்தாம் வகுப்புத் தேறியபின் அல்லது 18 வயதானபின் கல்விக் கட்டணத்திற்காகப் பாதி இருப்பு வரை எடுக்கும்போது உழைத்த பணம் எது, வட்டி எது எனப் பிரித்தறியவும் அந்நகலே சான்று.