பிள்ளையைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். அந்த ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியாவுக்கு மூன்று பதக்கங்கள். அதே அணியில் இருந்த இளவேனில் வாலறிவன், நம் கடலூரில் பிறந்தவர். நடிகர் அஜித் மாநிலப் போட்டிகளில் கலந்துகொண்டு பதக்கம் வென்ற படங்களும் வைரலாயின. விளைவு, 'என்னையும் சேர்த்து விடுங்கப்பா' என்று கேட்கும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

தாராளமாகச் சேர்க்கலாம். பெரும்பாலும் தொடக்கம், உள்ளரங்கில் 10 மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டலில்தான். 'மெரினாவில் பலூன் சுடுற மாதிரிதானே' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 4.5 மி.மீ ஈயக் குண்டு (பெல்லட்), போட்டி ரைஃபிளில் இருந்து நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

'காலி' என்ற வார்த்தையை நம்பாதீர்கள்

ரேஞ்சில் கற்றுத்தரும் முதல் பாடம் குறி பார்ப்பது அல்ல. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும் என்பதுதான். குழல் எப்போதும் இலக்கின் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் டிரிகரைத் தொடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால், துப்பாக்கியோடு திரும்பக் கூடாது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சுடாத நேரத்தில் துப்பாக்கிக்குள் 'சேஃப்டி ஃபிளாக்' இருக்க வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் நீளமான கயிறு அது. ஏர் துப்பாக்கியில் அது குழல் முழுக்க நுழைந்து, மறுமுனையில் வெளியே தெரிய வேண்டும். உள்ளே பெல்லட் சிக்கியிருந்தால் கயிறு வெளியே வராது. 'காலிதான் சார்' என்று வாயால் சொல்வதைவிட இந்தக் கயிறு நம்பகமான சாட்சி.

நான்கு கட்டளைகள்

'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'அன்லோட்'. ரேஞ்ச் அதிகாரி சொல்லும் இந்த நான்கு வார்த்தைகளும் பிள்ளைக்கு மனப்பாடமாக வேண்டும். 'ஸ்டாப்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். குறி பார்த்தாச்சு, இந்த ஒண்ணை மட்டும் சுட்டுக்கிறேன் என்பதெல்லாம் கிடையாது. யாராவது முன்னால் போயிருக்கலாம். அனுமதி இல்லாமல் சுடும் கோட்டைத் தாண்டவே கூடாது. கீழே விழுந்த பெல்லட்டை எடுக்கக்கூட.

துப்பாக்கி கோளாறு செய்தாலும் பதறக் கூடாது. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு கையை உயர்த்தினால் அதிகாரி வருவார். டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டிக்கு நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, பல நிமிடங்கள் வீணாயின. இறுதிச் சுற்றுக்குப் போக முடியாமல் 12-வது இடத்தில் முடித்தார். அடுத்த ஒலிம்பிக்கில் பதக்கத்தோடு திரும்பியவரும் அவர்தான்.

பக்கத்து லேனுக்கு மரியாதை

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியின் கடைசிக் குண்டு வரை அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸ் முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டைப் பக்கத்து லேன் இலக்கில் சுட்டுவிட்டார். கிடைத்தது பூஜ்யம், முடித்தது எட்டாவது இடம். உலகத்தர வீரருக்கே இந்த நிலை என்றால், புதிதாக வருபவர் ஒவ்வொரு முறையும் தன் லேன் எண்ணைச் சரிபார்ப்பதில் வெட்கமே இல்லை.

இன்னும் சில நாகரிகங்கள்: அடுத்தவர் துப்பாக்கியைக் கேட்காமல் தொடக் கூடாது. போன் சைலன்ட்டில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. துப்பாக்கியை நெற்றியிலோ நண்பரை நோக்கியோ வைத்து செல்ஃபி எடுப்பது விளையாட்டே அல்ல.

கை கழுவாமல் பிஸ்கட் வேண்டாம்

பலர் கவனிக்காத ஆபத்து இது. பெல்லட் ஈயத்தால் ஆனது. இலக்கின் பின்னால் மோதி நசுங்கும்போது துகள்கள் தூசியாகத் தரையில் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ரேஞ்சுக்குள் சாப்பிடக் கூடாது. பெல்லட்டை வாயில் வைக்கவே கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை, முகம் கழுவிய பிறகுதான் ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறக்க வேண்டும். பயிற்சி உடையைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் ரேஞ்சுக்குள் காத்திருக்க வேண்டாம்.

பெற்றோர் கவனத்துக்கு

ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் இசையும் கைதட்டலும் ஒலிப்பதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். பயிற்சி ரேஞ்ச் அப்படியல்ல. பின்னால் நின்று 'கையை நேராப் பிடி' என்று குரல் கொடுத்தால், உங்கள் பிள்ளை மட்டுமல்ல, வரிசையில் இருக்கும் எல்லோருமே திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பல்தான் ஆபத்து. சொல்ல வேண்டியதைப் பயிற்சியாளரிடம் பிறகு சொல்லுங்கள்.

பிள்ளைக்குச் சொந்தமாகத் துப்பாக்கி வாங்கினால், ரேஞ்ச் விதிகள் வீட்டுக்கும் பொருந்தும். துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். பெல்லட்டை வேறு இடத்தில் பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். விருந்தினர் வந்தால் 'எடுத்துட்டு வந்து காட்டுடா கண்ணா' என்று சொல்லாதீர்கள்.

ஃபீஸ் கட்டும் முன்...

ஒருநாள் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

* சுடும் நேரம் முழுக்க ஒரு பொறுப்பாளர் வரிசையைக் கவனிக்கிறாரா?
* கீழே வைத்த துப்பாக்கிகளில் சேஃப்டி ஃபிளாக் தெரிகிறதா?
* கண்ணாடி அணியச் சொல்கிறார்களா? வெடிமருந்துத் துப்பாக்கி சுடும் இடமாக இருந்தால், காதுக் கவசம் தருகிறார்களா?
* கை கழுவ இடமும் சோப்பும் இருக்கின்றனவா?
* காற்று சிலிண்டரின் காலாவதித் தேதியைக் கேட்டால் உடனே காட்டுகிறார்களா?

எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் சேர்த்துவிடுங்கள். முதல் சில வாரங்கள் பெல்லட்டே தராமல் நிற்கவும் பிடிக்கவும் மட்டும் சொல்லித்தந்தால், 'ஃபீஸ் வேஸ்ட்' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நல்ல இடத்தில்தான் சேர்த்திருக்கிறீர்கள்!