நகரத்துப் புகையும் நெல் மணியும்

சீனாவின் தென்மேற்கில் இருக்கும் குய்சோ மாகாணம் மலையும் நெல் வயலும் நிறைந்த பூமி. அதன் தலைநகரம் குய்யாங். 2001-2002-ல் இந்த நகரத்துக் காற்றில் பாதரசத்தை அளந்தபோது, ஒரு கன மீட்டரில் சராசரியாக 8.4 நானோகிராம் இருந்தது. ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் நானோகிராம். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால், பூமியின் வட பாதியில் மாசில்லாத இடங்களில் இருப்பது சுமார் 1.5 முதல் 2 நானோகிராம்தான்.

காரணம், நிலக்கரி. குய்சோ நிலக்கரியில் இயற்கையாகவே பாதரசம் கூடுதல். அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை, வீட்டு அடுப்பு என எங்கே எரித்தாலும் அது ஆவியாகி வெளியேறும். சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டிக்கு இந்த ஆவி அவ்வளவாகச் சிக்காது.

நகரத்துக் காற்றில் பாதரசம் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. ராத்திரியில் தரையோடு குளிர்ந்த காற்று மூடி போட்டதுபோல் தேங்கிவிடும். புகை மேலே போக வழியில்லாமல் அளவு ஏறும். வெயில் ஏறிக் காற்று கலைந்ததும் இறங்கும். குளிர்காலத்தில் கணப்புக்காக எரிக்கும் கரியும் சேர்ந்துகொள்ளும். மழை பெய்தால் எல்லாம் கழுவிப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆவியாக இருக்கும் பாதரசம் தண்ணீரில் எளிதில் கரையாது; பல மாதங்கள் காற்றிலேயே சுற்றும். வேதிமாற்றம் அடைந்த பகுதியும், தூசியில் ஒட்டிய பகுதியும்தான் மழையோடு இறங்கும்.

2009 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அதே நகரத்தில் மறுபடி அளந்தார்கள். சராசரி 9.72. மாதங்கள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும், குறைந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. 2011-ல்தான் அனல்மின் நிலையப் புகையில் கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாதரசம் என்று சீனா வரம்பு வைத்தது. கந்தகத்தைப் பிடிக்க வைத்த கருவிகள் பாதரசத்திலும் ஒரு பகுதியைப் பிடித்தன. அதன் பிறகு சீன நகரங்கள் பலவற்றில் அளவு இறங்க ஆரம்பித்தது. இந்தியாவிலும் 2015 டிசம்பரில் இதே 0.03 வரம்பு அறிவிக்கப்பட்டது.

இதில் விவசாயிக்கு என்ன வேலை? பாதரசம் என்றாலே மீன்தான் என்று உலகம் நினைத்திருந்தது. குய்சோ மக்கள் மீன் சாப்பிடுவதே குறைவு. அவர்கள் உடம்புக்குள் மெத்தில் பாதரசம் போகும் முக்கிய வழி அரிசி என்று ஆய்வுகள் காட்டின. அங்குள்ள வான்ஷான் பாதரசச் சுரங்கப் பகுதியில் இது தெளிவாகவே தெரிந்தது.

நெல்லின் இலை, காற்றில் இருக்கும் பாதரசத்தை நேரடியாக இழுக்கும். அதைவிட ஆபத்து வயலுக்குள் நடக்கிறது. தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் காற்று இருக்காது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் சாதாரண பாதரசத்தை, நரம்பைத் தாக்கும் மெத்தில் பாதரசமாக மாற்றும். மண்ணில் வெகுகாலமாகக் கிடக்கும் பாதரசத்தைவிட, காற்றிலிருந்து புதிதாக விழுவது சீக்கிரம் மாறுகிறது. எனவே, பழைய சுரங்கத்தை மூடினால் மட்டும் போதாது, புகையும் குறைய வேண்டும்.

அரிசியைத் தீட்டினால் போய்விடுமா? சாதாரண பாதரசத்தில் பெரும்பகுதி உமியோடும் தவிட்டோடும் போய்விடும். மெத்தில் பாதரசம் வெள்ளை அரிசிக்குள்ளேயே தங்கும்.

தண்ணீர் கட்டாமல் வளர்த்த நெல்லில் மெத்தில் பாதரசம் குறைவாக இருந்தது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்ட வயல்களில் எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. மண்ணுக்கு மண் மாறியது. இன்னொரு சிக்கலும் உண்டு. வயலைக் காயவிட்டால், மண்ணில் காட்மியம் இருக்கும் பட்சத்தில் அதை நெல் அதிகமாக உறிஞ்சும். அனல்மின் நிலையத்துக்கோ சுரங்கத்துக்கோ பக்கத்தில் நெல் போடுபவர்கள், தண்ணீர் முறையை மாற்றுவதற்கு முன் மண்ணில் இந்த இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்துப் பரிசோதனையில் இவை வராது. தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.