பவுலிங் பந்தின் மேற்பரப்பைத் தேய்த்துப் புதுப்பித்தல்

பவுலிங் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் பந்துவீச்சே நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது டென்பின் பவுலிங். மரத்தாலோ செயற்கைப் பலகையாலோ ஆன தடத்தில் கனமான பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோணமாக நிற்கும் 10 பின்களை வீழ்த்தும் விளையாட்டு இது. பந்தின் எடை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.26 கிலோ. பல ஆட்டங்களுக்குப் பிறகு பந்தின் மேற்பரப்பைத் தேய்த்து, அது இழந்த உராய்வுத் தன்மையை மீட்பதே மேற்பரப்புப் புதுப்பித்தல் ஆகும். இது வெறும் அழகுபடுத்தும் வேலை அன்று. பந்து எந்த இடத்தில் திரும்பும் என்பதையே இது மாற்றிவிடும்.

மேற்பரப்பு ஏன் முக்கியம்?

ஆட்டக்காரர் நிற்கும் எல்லைக்கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி தொலைவில் உள்ளது. தடத்தின் பெரும்பகுதியில், பொதுவாக முதல் 40 அடி வாக்கில், மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்பட்டிருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கிச் செல்லும். எண்ணெய் முடிந்து உலர்ந்த பகுதி வந்ததும் உராய்வு கூடும். அப்போதுதான் ஆட்டக்காரர் கொடுத்த சுழற்சி பலித்து, பந்து வளைந்து பின்களை நோக்கித் திரும்பும்.

சொரசொரப்பான பந்து எண்ணெயிலும் ஓரளவு பிடிப்புக் கொள்வதால் சீக்கிரமே திரும்பத் தொடங்கும். மெருகேற்றிய பந்து நெடுந்தொலைவு வழுக்கி, கடைசியில் சட்டென்று திரும்பும். சொரசொரப்பு அளவுக்கு மீறினால் பந்து வழியிலேயே ஆற்றலை இழந்துவிடும். பின்களை அடையும்போது அதில் வலு இருக்காது.

பந்தின் மேல் ஓடு காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. கடின ரப்பருக்குப் பின் பாலியெஸ்டரும், 1980களில் யூரித்தேனும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசினும் வந்தன. ரியாக்டிவ் ரெசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவை எண்ணெயை உறிஞ்சுவதால் பிடிப்பு மிகுகிறது. ஆனால் நாளடைவில் எண்ணெயும் அழுக்கும் அத்துளைகளை அடைத்துவிடும். தடத்தில் உருண்டு உருண்டு சொரசொரப்பும் தேய்ந்துவிடும். “பந்து செத்துவிட்டது” என்று கருதிப் புதியது வாங்குவோர் உண்டு. பல நேரங்களில் அதற்குத் தேவை ஒரு முறையான தேய்ப்பு மட்டுமே.

தேவையான பொருள்கள்

500, 1000, 2000, 4000 எண் கொண்ட தேய்ப்பு வட்டுகள், ஐசோபுரோபைல் ஆல்கஹால், மைக்ரோஃபைபர் துணி, நீர் ஆகியவை போதும். அப்ரலான் எனும் பஞ்சு முதுகு கொண்ட வட்டு இப்பணியில் பெயர்பெற்றது. தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளைப் போலவே இதிலும் எண் கூடக் கூட மணல் நுண்மையாகும். பந்து உருளாமல் இருக்க, பானைக்கு வைப்பது போன்ற பிரிமணை ஒன்று வேண்டும். துணியைச் சுருட்டியும் செய்துகொள்ளலாம்.

செய்முறை

1. பந்தை ஆல்கஹாலால் நன்கு துடைக்க வேண்டும். எண்ணெய் மிகுதியாக ஊறியிருந்தால், விரல் துளைகளை நீர் புகாத நாடாவால் மூடி, குழாயில் வரும் வெந்நீரில் சிறிது பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து 20 நிமிடம் வைக்கலாம். கொதிநீர் கூடாது. அடுப்பிலோ ஓவனிலோ சூடாக்கினால் ஓடு வெடிக்கக்கூடும்.

2. பந்தை ஒரு கனசதுரமாகக் கற்பனை செய்து மேல், கீழ், நான்கு பக்கங்கள் என 6 முகங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

3. 500 எண் வட்டை நீரில் நனைத்து, ஒரே அழுத்தத்துடன் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு முகத்துக்கு 40 சுற்று என்றால் ஆறு முகங்களுக்கும் அதே 40 சுற்று. எண்ணிக்கொண்டே செய்வது நல்லது.

4. தேய்த்த கசடை முழுவதும் கழுவித் துடைத்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். முந்தைய வட்டின் பருமணல் ஒட்டியிருந்தால் புதிய கீறல்கள் விழும்.

5. 1000, 2000 என முறையாக ஏறி, தேவையான எண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். தயாரிப்பாளரின் விவரத் தாளில் பந்தின் தொடக்க மேற்பரப்பு எண் இருக்கும். அதுவே நல்ல வழிகாட்டி. பளபளப்பு வேண்டுமானால் இறுதியில் மெருகுத் திரவம் பூசலாம்.

6. விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே மங்கல் தெரிய வேண்டும்.

எண்ணெய் வளையம் தெரியும் இடத்தை மட்டும் தேய்ப்பது தவறு. அங்கே ஓடு குறைந்து பந்தின் உருண்டை வடிவம் கெடும். விதிப்படி விட்டம் 8.500 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உருண்டை வடிவில் 0.010 அங்குலத்துக்கு மேல் வேறுபாடும் கூடாது. மின்சாரத் தேய்ப்புக் கருவிகளை இதனால்தான் தவிர்க்க வேண்டும். ஆழமான வெடிப்பு தேய்ப்பினால் தீராது; அதைப் பந்துக்குத் துளையிடும் கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பாதுகாப்பு

உலர்ந்த நிலையில் தேய்த்தால் ரெசின் தூசி பறக்கும். நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் அணியலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு அருகே வேண்டாம். அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் ஓட்டைச் சிதைக்கும்.

விதிகளும் ஒரு வரலாறும்

1973இல் அமெரிக்கத் தொழில்முறை வீரர் டான் மெக்கியூன், பாலியெஸ்டர் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் எனும் கரைப்பானில் ஊறவைத்து ஓட்டை மென்மையாக்கி ஆடினார். அந்த ஆண்டில் 6 பட்டங்கள் வென்று ஆண்டின் சிறந்த வீரரானார். அப்போது அதற்குத் தடை இல்லை. ஆனால் அந்தக் கரைப்பான் எளிதில் தீப்பற்றக்கூடியது, உடலுக்கும் கேடு. இதன் பின்னரே பந்தின் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது.

இன்று அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் விதிப்படி, போட்டிக்கு முன் பந்தைத் தேய்க்கலாம். போட்டி நடக்கும்போது தேய்க்கக் கூடாது. 2019 ஆகஸ்ட் முதல் போட்டியின் நடுவே திரவத் துப்புரவுப் பொருள்களுக்கும் இடமில்லை. உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எண்ணெயைத் துடைத்து வைக்கும் பழக்கமே பந்தின் ஆயுளைக் கூட்டும்; அடிக்கடி தேய்க்கும் தேவையையும் குறைக்கும்.