நாளன்னைக்குப் பார்த்துக்கலாம்!

ஒரு வேலையை நாளைக்குத் தள்ளிப் போடுவதை இங்கிலீஷில் 'ப்ரோக்ராஸ்டினேட்' என்பார்கள். லத்தீனில் 'க்ராஸ்' என்றால் நாளை. 'ப்ரோ' என்றால் முன்னே. நாளைக்கு நகர்த்துவது, அவ்வளவுதான்.

ஆனால், நாளைக்குச் செய்யவே அலுத்துக்கொள்கிறவனும் இருக்கிறானே! அவனுக்கும் ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறான் இங்கிலீஷ்காரன். 'பெரெண்டினேட்'! பெரிய அகராதியைப் புரட்டினால்தான் கண்ணில் படும். லத்தீனில் 'பெரெண்டியே' என்றால் நாளை மறுநாள். நம்ம வீட்டில் 'நாளன்னைக்கு' என்கிறோமே, அதேதான்!

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தச் சொல்லின் உடன்பிறப்பு ஒன்று ரோமாபுரி நீதிமன்றத்தில் இருந்தது. மாகாணத்தைச் சுரண்டிய அதிகாரிகள் மீதான வழக்கில், முதல் விசாரணை முடிந்ததும் ஒருநாள் இடைவெளி விட்டு மறுபடியும் விசாரிப்பார்கள். அந்த ஒத்திவைப்புக்குப் பெயர் 'கோம்பெரெண்டினாத்தியோ'.

கி.மு. 73 முதல் 71 வரை சிசிலித் தீவை ஆண்டவன் வெர்ரெஸ். தானியத்தைப் பறித்தான், கோயில் சிலைகளைக்கூட விடவில்லை என்று சிசிலி மக்கள் ரோமுக்கு வந்து முறையிட்டார்கள். கி.மு. 70இல் அவர்களுக்காக வாதாடியவர் சிசரோ. எதிர்த்தரப்பு வக்கீல் ஹோர்டென்சியஸ், அடுத்த ஆண்டுக்கான கான்சலாகத் தேர்வாகியிருந்தவர். கான்சல் என்றால் நாட்டின் மிக உயர்ந்த பதவி! வரிசையாகத் திருவிழா விடுமுறைகள் வேறு. வழக்கை இழுத்தடித்து அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோய்விட்டால் வெர்ரெஸ் தப்பித்துவிடுவான். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

சிசரோ என்ன செய்தார் தெரியுமா? பேச்சிலே பெரிய புலி அவர்! அவரே நீண்ட பேச்சை விட்டுவிட்டார். சுருக்கமாகப் பேசி, உடனே சாட்சிகளைக் கூப்பிட்டார். இரண்டாவது விசாரணை வரை வெர்ரெஸ் காத்திருக்கவில்லை. இன்று பிரான்சில் மார்செய் என்று இருக்கிற ஊருக்கு ஓடிப்போனான். எங்களைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கு இதிலே ஒரு பாடம் இருக்கிறது. நீட்டாமல் பேசியும் ஜெயிக்கலாம்!

நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். இரண்டும் தள்ளிவைப்புதான். ஒன்றுக்குத் தேதி இருந்தது. இன்னொரு முறை கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்காக. மற்றது, ஏமாந்தவன் அலைந்து அலைந்து ஓய்ந்துபோகட்டும் என்பதற்காக. வீட்டிலும் அப்படித்தான். ஊரில் இருக்கிற அம்மாவிடம் "அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்றேம்மா" என்று தேதி சொன்னால், அவள் அதுவரை சந்தோஷமாகக் காத்திருப்பாள். "பார்க்கலாம்மா" என்றால் தினமும் வாசலைப் பார்ப்பாள். தள்ளிப் போட்டே ஆகணுமா? போடுங்கள். ஆனால் தேதியைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்!